கீமோ ஓடும்போதே தணிப்புச் சிகிச்சை: கைவிடுவதல்ல, கூடவே வருவது

புற்றுநோய் வார்டில் மருத்துவர், “பாலியேட்டிவ் டீமையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்” என்று சொன்னால் பல வீடுகளில் அது ஒரே மாதிரிதான் காதில் விழுகிறது: டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் கிள்ளானில் இருக்கும் சித்தப்பாவுக்கும் பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தைக்கும் செய்தி போய்ச் சேரும். நோயாளிக்கு மட்டும் சொல்லமாட்டார்கள். அடுத்த வாரம் அந்த அப்பாய்ண்ட்மெண்டுக்கு யாரும் போகமாட்டார்கள்.

மருத்துவர் சொல்ல வந்தது வேறு. கீமோ நடக்கட்டும், கதிர்வீச்சு நடக்கட்டும், கூடவே வலியையும் வாந்தியையும் தூக்கத்தையும் கவனிக்க இன்னொரு குழு சேரட்டும் என்பதுதான் அவர் சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில் எத்தனையோ பேர் தேவையில்லாத வலியோடு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

## முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

தணிப்புச் சிகிச்சை என்பது கடுமையான நோயோடு இருப்பவரின் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், மலச்சிக்கல், தூக்கமின்மை, பயம், வீட்டாரின் திணறல் ஆகியவற்றைக் கவனிக்கும் தனி மருத்துவத் துறை. ஆஸ்பத்திரியில் பாலியேட்டிவ் என்பார்கள். மலேசியச் சுகாதார அமைச்சு 2005-இல் இதைத் தனி நிபுணத்துவத் துறையாக ஏற்றுக்கொண்டது. இதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அல்லர், மருந்து எழுதுகிறவர்கள்.

ஹோஸ்பிஸ் பராமரிப்பு அதன் ஒரு பகுதி. வழக்கமாக, நோயைக் குறைக்கும் சிகிச்சை இனிப் பலன் தராது என்ற கட்டத்தில் உள்ளவர்களுக்கானது. தணிப்புச் சிகிச்சைக்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது. நோய் தெரிந்த முதல் மாதத்திலேயே தொடங்கலாம், முழுக் குணத்தை எதிர்பார்த்துச் சிகிச்சை எடுப்பவருக்கும் கொடுக்கலாம்.

குழப்பம் வரக் காரணம் உண்டு. நவீன ஹோஸ்பிஸ் இயக்கம் 1967-இல் லண்டனில் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்திலிருந்து வளர்ந்தது. அது கடைசி நாள்களுக்கான இடமாகத்தான் தொடங்கியது. கடும் வலிக்கான மார்பின் மருந்தை முறையாக, நேரம் தவறாமல் கொடுப்பது எப்படி என்பதெல்லாம் அங்கே மேலும் செம்மைப்பட்டது. பிறகுதான், கடைசி மாதத்தில் இவ்வளவு பயன்படுவதை முதல் மாதத்தில் ஏன் கொடுக்கக்கூடாது என்ற கேள்வி வந்தது. மருத்துவம் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது. நம் மனத்தில் உள்ள படம்தான் இன்னும் நகரவில்லை.

## ஒழுகும் கூரை

மழைக்காலத்தில் வீட்டுக்கூரை ஒழுகுகிறது. கூரை வேலை தெரிந்தவரைக் கூப்பிடுகிறீர்கள். அவர் மேலே ஏறி ஓடு மாற்றுகிறார், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கீழே என்ன செய்வீர்கள்? வாளி வைப்பீர்கள், மெத்தையை நகர்த்துவீர்கள், சுவிட்சுப் பக்கம் தண்ணீர் போகாமல் பார்ப்பீர்கள். வாளி வைத்துவிட்டார்களே, அப்படியென்றால் கூரைக்காரரை அனுப்பிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டார் யாரும் சொல்லமாட்டார்கள்.

புற்றுநோய் மருத்துவர் கூரைமேல் இருப்பவர். தணிப்புக் குழு வீட்டுக்குள் இருப்பது. ஆனால் இந்த ஒப்புமை பாதிதான் சரி. நிஜ வீட்டில் வாளி வைக்காவிட்டாலும் கூரை வேலை நடக்கும். உடம்பில் அப்படியில்லை. கீழே நனைந்தால் மேலே வேலை நின்றே போகும். எப்படி நிற்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம்.

## கீமோ எப்படி நின்றுபோகிறது

ஒவ்வொரு கீமோ சுற்றுக்கும் முன்னால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை, எடை இவற்றோடு இன்னொன்றையும் பார்ப்பார்: செயல்திறன் நிலை. நோயாளி அன்றாடம் எவ்வளவு நடமாடுகிறார் என்பதைக் குறிக்கும் எண் அது. 0 என்றால் நோய் வருவதற்கு முன் இருந்ததுபோலவே இருக்கிறார். 1 என்றால் கனமான வேலை முடியாது, இலேசான வேலை முடியும். 2 என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார், வேலைக்குப் போக முடியாது, ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறார். 3 என்றால் பாதிக்கு மேல் கட்டிலிலோ நாற்காலியிலோதான். 4 என்றால் முழுக்கப் படுக்கை.

இந்த எண் 3-க்குப் போய்விட்டால் பெரும்பாலான புற்றுநோய்களில் மருத்துவர் கீமோ கொடுக்கத் தயங்குவார். கொடுத்தால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்குதான்.

இனி ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். அறுபது வயது அம்மா ஒருவர், நுரையீரல் புற்றுநோய், விலா எலும்பில் பரவியிருக்கிறது. முதல் கீமோ நல்லபடியாக முடிந்தது. விலாவில் வலி. கிளினிக்கில் கொடுத்த டிராமடால் மாத்திரையை வலி தாங்காதபோது மட்டும் போடுகிறார். அந்த மாத்திரை மலத்தை இறுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாறு நாள் மலம் போகவில்லை. வயிறு உப்பி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. இரவில் வலியால் தூக்கம் இல்லை, பகலில் சோர்ந்து படுத்தே இருக்கிறார். மூன்று வாரத்தில் நாலு கிலோ குறைந்துவிட்டது. இரண்டாவது சுற்றுக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மருத்துவர் பார்த்ததும் எழுதுவது: செயல்திறன் 3, கீமோ தள்ளிவைப்பு.

இதில் புற்றுநோய் ஒரு அங்குலமும் வளரவில்லை. அவரைப் படுக்கவைத்தது வலியும் மலச்சிக்கலும் தூக்கமின்மையும். மூன்றும் சரிசெய்யக்கூடியவை. தணிப்புக் குழு இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே நேரம் குறித்த வலிமருந்து, கூடவே மலமிளக்கி, குமட்டலுக்கு மருந்து, எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு என்று ஏற்பாடு செய்திருப்பார்கள். எலும்பில் பரவிய வலிக்கு 8 கிரே அளவில் ஒரே நாளில் கொடுக்கும் கதிர்வீச்சு பலருக்குப் போதும். கிரே என்பது கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு.

வலியைத் தள்ளிப்போடுவதில் இன்னொரு கேடும் உண்டு. வாரக்கணக்கில் அடங்காத வலி நரம்பு மண்டலத்தையே கூர்மையாக்கிவிடும். முதலில் சின்ன மருந்துக்கு அடங்கியிருக்கக்கூடிய வலி, பிறகு தொட்டாலே சுள்ளென்று எரியும் வலியாக மாறி, கூடுதல் மருந்து கேட்கும். “இப்பவே வலி மாத்திரை போட்டா அப்புறம் எதுவும் வேலை செய்யாது” என்று பொறுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உண்மையில் நடப்பது இதற்கு நேர் எதிர்.

சுருக்கமாக: கீமோவைத் தாங்கும் உடம்பு இருந்தால்தான் கீமோ தொடரும். அந்த உடம்பைக் காப்பது தணிப்புக் குழுவின் வேலை. அதனால்தான் அது சிகிச்சைக்குப் பிறகு வருவதல்ல, சிகிச்சையோடு வருவது.

## முதல் சந்திப்பில் என்ன நடக்கும்

குழுவில் மருத்துவரும் மிஸ்ஸியும் (தாதியும்) கட்டாயம் இருப்பார்கள். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப்பணியாளர், மருந்தாளர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், உளவியலாளரும் தேவைக்கேற்பச் சேர்வார்கள்.

பல இடங்களில் முதலில் ஒரு தாள் கொடுப்பார்கள். வலி, களைப்பு, குமட்டல், பசி, மூச்சு, மனச்சோர்வு, பதற்றம் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் போட வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் இதில்தான் பிழை செய்கிறார்கள். மருத்துவர் முன்னால் தைரியமாகத் தெரிய வேண்டும் என்று 8-ஐ 3 ஆக்கிவிடுவார்கள். எண்ணை வைத்துத்தான் மருந்தின் அளவு முடிவாகும். 3 என்று சொன்னால் 3-க்கான மருந்துதான் கிடைக்கும். தாளை நோயாளியே நிரப்பட்டும். மகன் நிரப்பினால் அது மகனின் கணிப்பு.

போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஜிஎச் (அரசு பொது மருத்துவமனை) மருந்து, தனியார் கிளினிக் மருந்து, பாசாரில் வாங்கிய மூலிகைத்தூள், யாரோ கொடுத்த ஸ்நேக் கிராஸ் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம், எல்லாமே. திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். கல்லீரல் அளவுகள் திடீரென்று ஏறினால் கீமோவைக் குறைப்பதா அந்தக் கஷாயத்தை நிறுத்துவதா என்று மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு சின்ன நோட்டும் வேண்டும். வலி வந்த நேரம், எண், என்ன மருந்து எத்தனை மில்லி குடித்தார், ஒரு மணி நேரம் கழித்து எண் என்ன, கடைசியாக மலம் போனது எப்போது. இரண்டு வாரத்துக்கு இப்படி எழுதிய ஒரு பக்கம், “ரொம்ப வலிக்குதுங்க டாக்டர்” என்பதைவிட மருத்துவருக்கு எவ்வளவோ சொல்லும்.

## மார்பின்: இங்கேதான் பயம் அதிகம்

தணிப்புச் சிகிச்சை என்றதும் மார்பின், மார்பின் என்றதும் சாவு. இந்தச் சங்கிலியை அறுக்காமல் மேலே போக முடியாது.

வாயால் குடிக்கும் மார்பின் கரைசலைப் புதிதாகத் தொடங்கும் பெரியவருக்கு வழக்கமாக 2.5 முதல் 5 மில்லிகிராம் வரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இதைவிடக் குறைவு அல்லது இடைவெளி அதிகம். குடித்த அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், நான்கு மணி நேரத்தில் தீரும். அதனால்தான் நேரக் கணக்கு. வலி வந்தபின் குடித்தால் ஒவ்வொரு தடவையும் மேடேறிப் போய் இறங்க வேண்டும். நேரத்துக்குக் குடித்தால் வலி மேடேறவே விடாது. நடுவில் திடீரென்று வரும் வலிக்குத் தனியாக ஒரு கூடுதல் அளவும் எழுதிக் கொடுப்பார்கள். அதை ஒரு நாளில் எத்தனை தடவை குடிக்க வேண்டியிருந்தது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த சந்திப்பில் அளவை ஏற்றுவதோ குறைப்பதோ.

அளவைக் குறிக்கும்போது மில்லிகிராமையும் மில்லியையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். 5 மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள கரைசலில் 5 மில்லிகிராம் வேண்டுமென்றால் 2.5 மில்லிதான் குடிக்க வேண்டும். “அஞ்சு” என்று மட்டும் வாய்மொழியாகக் கேட்டுவந்து 5 மில்லி கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். தேக்கரண்டி வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள்.

பக்கவிளைவுகளில் ஒன்று மட்டும் போகவே போகாது: மலச்சிக்கல். மார்பின் மூளையில் வலியைக் குறைப்பது போலவே குடல் சுவரில் உள்ள ஏற்பிகளிலும் ஒட்டிக்கொண்டு குடலின் அசைவை மந்தமாக்குகிறது. ஏற்பி என்பது மருந்து ஒட்டிக்கொள்ளும் இடம். தூக்கக்கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் உடம்புக்குப் பழகிப்போகும், குடல் மட்டும் பழகாது. ஆகவே மார்பின் தொடங்கும் அதே நாளில் லாக்டுலோஸோ சென்னாவோ தொடங்கியாக வேண்டும். மலமிளக்கி எழுதாத மார்பின் சீட்டு கையில் வந்தால் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். வாழைப்பழமும் பப்பாளியும் நல்லதுதான், ஆனால் இந்த மலச்சிக்கலுக்கு அவை போதாது.

அடிமையாகிவிடுவாரா? இரண்டு வேறு விஷயங்கள் இதில் கலந்துவிடுகின்றன. உடல் பழக்கம் என்பது, சில வாரம் குடித்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வருவது. மார்பின் குடிக்கும் யாருக்கும் வரலாம், படிப்படியாகக் குறைத்தால் வராது. அடிமைத்தனம் என்பது, கெடுதல் என்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலையும் மனநோய். புற்றுநோய் வலிக்காக மருத்துவர் கண்காணிப்பில் குடிப்பவர்களிடம் அது அரிது. முன்பு போதைப் பழக்கம் இருந்தவர் என்றால் குழுவிடம் சொல்லிவிடுங்கள். வலிமருந்து மறுக்கமாட்டார்கள், கொடுக்கும் முறையை மாற்றுவார்கள். கதிர்வீச்சில் எலும்பு வலி குறைந்து, மார்பினைக் குறைத்துக் குறைத்து நிறுத்தியவர்களும் உண்டு. அது ஒருவழிப்பாதை அல்ல.

உண்மையான ஆபத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்கும் மெதுவாகக் கரையும் மார்பின் மாத்திரையை, விழுங்கச் சிரமம் என்று நசுக்கிக் கஞ்சியில் கலக்குவது. அப்படிச் செய்தால் 12 மணி நேர மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். ஃபென்டனில் பட்டை ஒட்டியிருக்கும் இடத்தில் சூடு வைப்பதும் அதே போலத்தான். அது தோல்வழி வலிமருந்தைச் சிறிது சிறிதாக விடும் ஒட்டுப்பட்டை, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெந்நீர்ப் பை, சூடேற்றும் தைலம், கடுங்காய்ச்சல் எல்லாமே மருந்தை வேகமாக உள்ளே தள்ளிவிடும். புதிதாக ஒட்டிய பட்டை வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் ஆகும், அதனால் பொறுமையிழந்து இரண்டாவதை ஒட்டக்கூடாது. பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டுவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

எழுப்பினாலும் எழாத அளவு மயக்கம், மிக மெதுவான மூச்சு, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குவது, இவை மருந்து அதிகமானதன் அடையாளம். உடனே மருத்துவமனை. கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுத்தால் மருந்து உடம்பில் தேங்குகிறது என்று பொருள். வாந்தி, வயிற்றுப்போக்கால் நீர் வற்றிச் சிறுநீரகம் சோர்ந்தபோது இது வரும். அன்றே அழைத்துச் சொல்ல வேண்டும்.

எல்லா வலிக்கும் மார்பின் பதிலும் அல்ல. ஆக்ஸாலிபிளாட்டின், பாக்லிடாக்செல் போன்ற கீமோ மருந்துகளால் விரல் நுனியில் வரும் எரிச்சலும் மரப்பும் நரம்பு வலி. அதற்கு வேறு மருந்துகள். வீட்டுக் கடன் கட்டவில்லையே என்று விடியவிடிய விழித்திருக்கும் அப்பாவுக்கு எத்தனை மில்லி கொடுத்தாலும் அந்த வலி போகாது. உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்று சாண்டர்ஸ் சொன்னது இதைத்தான். அந்த அப்பாவுக்கு வேண்டியது மருத்துவச் சமூகப்பணியாளர். பெர்கேசோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இயலாமை ஓய்வூதியம், ஊழியர் சேமநிதியிலிருந்து மருத்துவத்துக்குப் பணம் எடுப்பது, இவற்றுக்கெல்லாம் பாரம் நிரப்ப அவர் வழிகாட்டுவார்.

பனடோலைப் பற்றி ஒரு வார்த்தை. கீமோ எடுப்பவர் வலிக்காகப் பனடோல் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும். கீமோ காலத்தில் காய்ச்சல் மறைவது ஆபத்து. மாத்திரைக்கு முன் தெர்மாமீட்டர் என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். பொன்ஸ்தான், வோல்டரன் வகை மாத்திரைகளைக் கேட்காமல் போடவே வேண்டாம். இரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும்போது இரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

## சாப்பாடு

நம் வீடுகளில் அன்புக்கு ஒரே அளவுகோல் சாப்பாடு. அதனாலேயே இங்கே சண்டை அதிகம். புற்றுநோய் உடம்பின் சத்து எரியும் முறையையே மாற்றுகிறது. பரவிய நோயில் பசியும் எடையும் குறைவது ஊட்டாததால் மட்டும் அல்ல, ஊட்டுவதால் மட்டும் திரும்பவும் வராது. திணித்தால் வாந்தியும் குற்ற உணர்ச்சியும்தான் மிஞ்சும்.

ஆனால் பசியின்மைக்குப் பின்னால் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்: வாய்ப்புண், வாயில் வெள்ளைப் பூஞ்சை, மலச்சிக்கல், சுவை மாற்றம், மனச்சோர்வு. தட்டு நிறையச் சோறு வைப்பதற்குப் பதில் சின்னக் கிண்ணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நோயாளி கேட்டதை, ஆறவைத்துக் கொடுங்கள். சூடான குழம்பின் வாசனை குமட்டலைக் கிளப்பும்.

## ஆய்வு என்ன சொல்கிறது

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வுதான் இந்தத் துறையின் திருப்புமுனை. பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை. இன்னொன்றுக்கு அதோடு சேர்த்து, தொடக்கத்திலிருந்தே மாதம் ஒருமுறையாவது தணிப்புக் குழுவின் சந்திப்பு. 12 வாரத்தில் மனச்சோர்வு அறிகுறி உள்ளவர்கள் முதல் பிரிவில் 38 சதவீதம், இரண்டாவதில் 16 சதவீதம். வாழ்க்கைத்தரமும் இரண்டாவதில் மேல். எல்லாரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது ஆயுள் கணக்கு: நடுமட்ட ஆயுள் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். நடுமட்ட ஆயுள் என்றால் பாதிப் பேர் அதைக் கடந்து வாழ்ந்தார்கள் என்று பொருள்.

தணிப்புச் சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டால் கீமோவைக் குறைத்துவிடுவார்கள் என்ற சந்தேகத்துக்கும் அந்த ஆய்விலேயே பதில் உண்டு. இரண்டு பிரிவினருக்கும் கொடுத்த கீமோ மருந்துத் திட்டங்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. வேறுபட்டது வாழ்நாளின் கடைசி இரண்டு மாதம். பலன் தராத கீமோ அப்போது இரண்டாவது பிரிவில் குறைவு.

இதை ஆயுளை நீட்டும் மருந்து என்று யாராவது உங்களிடம் சொன்னால் தலையாட்டாதீர்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆயுள் கூடவில்லை. வாழ்க்கைத்தரம் கூடுவதுதான் திரும்பத் திரும்பத் தெரிந்தது. அது போதுமான காரணம்.

## எப்போது கேட்பது

பரவிய புற்றுநோய் என்று தெரிந்தால், கண்டறிந்த எட்டு வாரத்துக்குள் தணிப்புக் குழுவைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2016-இல் வழிகாட்டியது. மலேசியாவுக்கு இது இன்னும் பொருந்தும். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி இங்கே கண்டறியப்பட்டவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் வந்தார்கள்.

தொடக்கக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, நல்லபடியாக நடமாடுகிறவருக்குத் தனிக் குழு அநேகமாகத் தேவைப்படாது, புற்றுநோய் மருத்துவரே போதும். வலி எண் 4-க்கு மேல் பல நாள் நின்றால், ஒரு மாதத்தில் இரண்டாவது முறை அவசரப் பிரிவுக்கு ஓட நேர்ந்தால், பக்கவிளைவால் கீமோ தள்ளிப்போனால், பார்த்துக்கொள்பவருக்கே தூக்கம் போய்விட்டால், கட்டம் எதுவானாலும் கேளுங்கள். கட்டத்தைப் பார்த்தல்ல, தொல்லையைப் பார்த்துக் கேட்பதுதான் சரி.

சுருக்கமாக: பரவிய நோய் என்றால் உடனே. மற்றவர்களுக்கு, தொல்லை அடங்காத அன்று.

## “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்”

இந்த வேண்டுகோளை மருத்துவர்கள் கேட்காத நாள் இல்லை. பாசத்தில் சொல்வது. ஆனால் கீமோ அறையில் உட்கார்ந்து, முடி கொட்டி, பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும் அம்மாவுக்குப் பெரும்பாலும் தெரியும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவர் மறைப்பார், அம்மா தாங்கமாட்டார் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு நாடகம்.

தணிப்புக் குழு திடுதிப்பென்று எதையும் போட்டு உடைக்காது. முதலில் நோயாளியிடமே கேட்கும்: “அம்மா, உங்க உடம்பப் பத்தி எல்லாத்தையும் தெரிஞ்சிக்க விரும்புறீங்களா, இல்ல உங்க மகன்கிட்ட பேசினா போதுமா?” சிலர் மகனிடம் பேசுங்கள் என்பார்கள், அதுவும் ஒரு பதில்தான். சிலர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்த கேள்விதான் சிகிச்சையையே மாற்றும்: உங்களுக்கு எது முக்கியம்? பினாங்கில் ஒருவர், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார் என்று வையுங்கள். 21 நாள் சுற்றுக் கீமோவில் வெள்ளை அணுக்கள் பொதுவாக 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் மிகக் குறையும், மூன்றாம் வாரத்தில் ஏறிவரும். தைப்பூசம் 10-ஆம் நாளில் விழுந்தால் அந்தக் கூட்டத்தில் நிற்பது தொற்றை அழைப்பது. முன்கூட்டியே சொன்னால், நோய் இடம் கொடுத்தால், புற்றுநோய் மருத்துவர் சுற்றை ஒரு வாரம் முன்பின் நகர்த்தலாம். கேட்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. பேசமுடியாத நிலை வந்தால் தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் இந்தத் தெளிவான நாள்களிலேயே சொல்லிவைக்கலாம்.

## கோலாலம்பூரிலும் பினாங்கிலும்

கோலாலம்பூர் வட்டாரத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செலாயாங் மருத்துவமனை, புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம் ஆகியவற்றில் தணிப்புச் சிகிச்சைப் பிரிவு உண்டு. பினாங்கில் பினாங்கு பொது மருத்துவமனை. வீட்டுக்கே வந்து பார்ப்பதற்கு, கிள்ளான் பள்ளத்தாக்கில் 1991 முதல் இயங்கும் ஹோஸ்பிஸ் மலேசியா இருக்கிறது. செராஸில் அலுவலகம், நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை. பெயரில் ஹோஸ்பிஸ் என்று இருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். மிஸ்ஸிகளும் மருத்துவர்களும் வீட்டுக்கு வந்து போவதுதான் அவர்களின் முக்கிய வேலை. அரசின் தேசியத் தணிப்புச் சிகிச்சைக் கொள்கை 2019 முதல் 2030 வரைக்கானது. அதன் நோக்கங்களில் ஒன்று, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசு சுகாதாரக் கிளினிக் (கிளினிக் கெசிஹாத்தான்) வழியாகவும் இந்தச் சேவையைக் கொண்டுவருவது.

பொதுவாக ரெஃபரல் கடிதம் வேண்டும், புற்றுநோய் மருத்துவரே எழுதுவார். கேட்கும் முறையில்தான் விஷயம். “பாலியேட்டிவ் வேணுமா டாக்டர்?” என்றால் அவரும் தயங்கலாம், நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று. இப்படிக் கேளுங்கள்: “கீமோ தொடரட்டும் டாக்டர். ஆனா வலி 7-க்கு கீழ இறங்கல, ராத்திரி தூக்கமே இல்ல. அதுக்கு பாலியேட்டிவ் டீமுக்கு ஒரு ரெஃபரல் எழுதித் தர முடியுங்களா?” முதல் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். சிகிச்சையை நிறுத்தக் கேட்கவில்லை என்பதை அதுதான் சொல்கிறது. தனியார் மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவர்கள், மெடிக்கல் கார்டு தணிப்புக் குழுவின் சந்திப்புக்கும் வீட்டு வருகைக்கும் பணம் கொடுக்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

## காத்திருக்கக் கூடாதவை

சில அறிகுறிகளுக்குத் தணிப்புக் குழுவின் அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் வரை பொறுக்கக்கூடாது, நேரே அவசரப் பிரிவு. கீமோ எடுப்பவருக்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல். புதிய முதுகுவலியோடு கால் பலவீனம், மரப்பு அல்லது சிறுநீர் மலம் கட்டுப்பாடின்மை: கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம், நடை முழுதும் போகும் முன் சிகிச்சை தொடங்கினால்தான் காப்பாற்ற முடியும். திடீர் மூச்சுத்திணறல், நிற்காத இரத்தப்போக்கு, ஓயாத வாந்தியோடு வயிறு உப்பிக் காற்றும் பிரியாதது. போகும்போது கீமோ அட்டையையும் மார்பின் அளவு எழுதிய நோட்டையும் எடுத்துப்போங்கள். அவசரப் பிரிவு மருத்துவருக்கு உங்களை முன்பின் தெரியாது.

ஒருமுறை தணிப்புக் குழுவில் பெயர் பதிந்தால் கடைசிவரை அங்கேதான் என்றும் இல்லை. நோய் கட்டுக்குள் வந்து, வலி அடங்கி, மருந்து குறைந்துவிட்டால் சந்திப்புகளை இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிவைத்து, பிறகு பெயரையே எடுத்துவிடுவார்கள். மறுபடி தொல்லை வந்தால் புதிய ரெஃபரலோடு திரும்பிப் போகலாம்.